மூக்குத்தியும் கம்மல்காரியும்

காட்டுக்குள் காலே வைக்காமல் அந்தத் தீவிலேயே அதிகம் சிறுத்தை பார்த்தவள் படக்காரம்மாதான். தேசியப் பூங்கா அலுவலகத்தில் பதினெட்டு வருடங்களாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்க்கிறாள். காட்டு வழிகளில் மரங்களில் கட்டிவைத்த கேமராக்கள், எதிரே எது அசைந்தாலும் தாமாகவே படம் எடுத்துவிடும். அசைந்தது சிறுத்தையா, காற்றில் ஆடிய இலையா என்றெல்லாம் அவை யோசிப்பதில்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வனக்காவலர்கள் கேமரா கார்டுகளைக் கழற்றிக்கொண்டுவந்து அவள் மேசையில் கொட்டுவார்கள். எட்டாயிரம் படம் இருந்தால் பாதிக்கு மேல் இலை. மிச்சத்தில் குரங்கு, மான், பன்றி, யானையின் முழங்கால், கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சோற்றுப் பொட்டலம் பிரிக்கும் காவலர். சலித்து எடுத்தால் கடைசியில் ஐந்தாறு படத்தில் சிறுத்தை இருக்கும். அதன் புள்ளிகளைப் பார்த்து இது இன்னது என்று சொல்வதுதான் அவள் உத்தியோகம். நமக்குக் கைரேகை எப்படியோ அப்படித்தான் அதற்குப் புள்ளி. ஒன்றின் புள்ளி இன்னொன்றுக்கு வராது.

பூங்காவில் மொத்தம் ஏழு சிறுத்தைகள். ஏழுக்கும் பெயர் வைத்தவள் அவள். அதில் இரண்டு ரொம்பப் பிரபலம். இடது மூக்கோரம் ஒற்றைக் கரும்புள்ளி வைத்திருந்தவள் மூக்குத்தி. வலது காதுக்குக் கீழே வட்டமாகப் புள்ளி தொங்கியவள் கம்மல்காரி. மூக்குத்தி குளக்கரையில்தான் வருவாள். கம்மல்காரி பாறை வழியை விட்டு நகரமாட்டாள். ஜீப் ஓட்டுகிறவர்கள் பயணிகளிடம் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார்கள். மூக்குத்தி சாதுவாம், கம்மல்காரி கோபக்காரியாம், இரண்டுக்கும் ஆகாதாம், அதனால்தான் ஆளுக்கொரு திசையாம். நுழைவாயிலில் இரண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பெரிய பலகையே வைத்திருந்தார்கள்.

அந்தக் கம்மல்காரியைத்தான் பதினோரு மாதங்களாகக் காணவில்லை.

பாறை வழி இருப்பது பூங்காவின் கிழக்குப் பகுதியில். அந்தப் பகுதிக்குக் காவலர், படக்காரம்மாவின் சொந்தத் தம்பி. வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததே அவள்தான். நாலு மாதத்துக்கு முன்னால் வேறொரு குழு அந்தப் பக்கம் போனபோது, புதருக்குள் கம்பியில் செய்த சுருக்குகள் இரண்டு கிடைத்தன. மிருகம் பிடிக்க வைப்பது. சிறுத்தையைக் காணோம், சுருக்கு கிடைத்திருக்கிறது, காவலுக்கு இருந்தவன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். இதற்கு மேல் என்ன வேண்டும்? வேட்டைக்காரர்களோடு இவனுக்குக் கூட்டு என்று பேச்சு கிளம்பிவிட்டது. தம்பியைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வியாழக்கிழமை விசாரணை. தப்பு அவன்மேல் என்று முடிவானால் வேலை போவதோடு நிற்காது, போலீஸ் வழக்கும் வரும். இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறவர்கள்.

அவனோ ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கல்லுப்பிள்ளையார் மாதிரி வீட்டில் உட்கார்ந்திருந்தான். அவமானத்தில் குறுகிப்போயிருக்கிறான் என்று அக்கா நினைத்தாள். சின்ன வயசிலிருந்தே யாராவது ஒரு சொல் சொன்னால் தாங்கமாட்டான்.

அவள் பத்து நாளாக வேறு வேலை பார்க்கவில்லை. பதினோரு மாதத்துப் படங்களையும் திரும்ப எடுத்துப்போட்டு, எங்காவது ஓர் இலைக்குப் பின்னால் கம்மல்காரியின் ஒரு துண்டாவது தெரிகிறதா என்று தேடினாள். கண்ணை மூடினாலும் புள்ளி. சோற்றில் கடுகு கிடந்தால்கூட அது எந்தச் சிறுத்தை என்று கேட்கத் தோன்றியது. கம்மல்காரி கிடைக்கவில்லை. பாறை வழிப் படங்களிலும் மூக்குத்திதான் வந்துகொண்டிருந்தாள். இதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. மூன்று வருடம் குளக்கரையைத் தவிர எங்கும் தலைகாட்டாதவள், இப்போது எதற்குப் பாறை வழிக்கு வந்தாள்? மற்றவள் செத்தாள் என்று தெரிந்து இடத்தைப் பிடித்துக்கொண்டாளா? அப்படியென்றால் தம்பி கதி அதோகதிதான்.

விசாரணைக்கு ஆறு நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை மதியம், பாறை வழியின் பழைய படம் ஒன்றையும் புதிய படம் ஒன்றையும் பக்கத்தில் வைத்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். சிறுத்தையைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்ப் பின்னணியைப் பார்த்தாள். பழைய படத்தில் பின்னால் ஒரு பெரிய பாறை, எருமை படுத்தமாதிரி. புதிய படத்தில் பாறையைக் காணோம். மூங்கில்தான் இருந்தது.

பாறை எழுந்து போகுமா என்ன?

கேமராவை எதிர் மரத்துக்கு மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். சரி, மாற்றினால் என்ன? அதே வழி. அதே திசையில்தான் சிறுத்தை நடக்கிறது. ஆனால்... அவளுக்குத் தலை சுற்றியது. இரண்டு துண்டுக் காகிதம் எடுத்தாள். ஒன்றில் மூக்குத்தி என்று எழுதி இடது தோளில் பின் குத்திக்கொண்டாள். இன்னொன்றில் கம்மல்காரி என்று எழுதி வலது தோளில் குத்திக்கொண்டாள். கதவிலிருந்து ஜன்னலுக்கு நடந்தாள். திரும்பி வந்து மறுபடி நடந்தாள். டிக்கெட் கொடுப்பவர் உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எந்த ஊருக்கும்மா பார்சல் போறீங்க?"

"சிரிக்காதீங்க. அந்த மேசைகிட்ட நில்லுங்க. நான் நடக்கிறப்ப என் தோள்ல என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

"மூக்குத்தி."

"இப்ப எதிர்ப்பக்கம், அலமாரிகிட்ட போய் நில்லுங்க. நான் அதே மாதிரிதான் நடக்கிறேன். இப்ப?"

"கம்மல்காரி."

"எத்தனை பேர் நடந்தாங்க?"

"என்னம்மா கேள்வி இது? நீங்க ஒருத்தர்தானே!"

படக்காரம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். சிறுத்தையின் இடது பக்கப் புள்ளி வேறு, வலது பக்கப் புள்ளி வேறு என்பது அவளுக்குத் தெரியாததா? வேலைக்கு வந்த முதல் வாரத்தில் கற்றது. ஆனால் குளக்கரை கேமரா எப்போதும் இடது பக்கத்தையே பிடித்தது. பாறை வழிக் கேமரா எப்போதும் வலது பக்கத்தையே பிடித்தது. நேர்முகமாக வந்தது ஒன்றும் உருப்படியாக விழவில்லை. அப்புறம் சரிபார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அன்றைக்கு இரண்டாக எழுதினாள். பெயரும் வைத்தாள். பெயர் வைத்த பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? ஒரே மூஞ்சியின் மூக்குத்தியையும் கம்மலையும் இரண்டு பொம்பளைக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, நாலு வருடம் அதற்குச் சம்பளமும் வாங்கியிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிதாகச் சந்தோஷம் பொங்கியது. அப்படியானால் எந்தச் சிறுத்தையும் காணாமல் போகவில்லை. தம்பிமேல் ஒரு தப்பும் இல்லை.

உடனே அவனுக்குப் போன் போட்டாள்.

"டேய், பாறை வழிக் கேமராவை எதிர் மரத்துல மாத்திக் கட்டினியா?"



"ஏன்க்கா கேக்குற?"

"கட்டினியா இல்லியா?"

"யானை தள்ளிவிட்டுருச்சு. அதான் மாத்திக் கட்டினேன்."

"எழுதி வச்சிருக்கக் கூடாதா? பதிவேட்டுல ஒரு வரி!" என்று திட்டினாள். திட்டும்போதே சிரிப்பு வந்தது.

பூங்கா அதிகாரி நல்ல மனிதர். ஆனால் சந்தேகப் பேர்வழி. தம்பிக்காக அக்கா ஒரு சிறுத்தையையே அழிக்கிறாள் என்று நாளைக்கு நாலு பேர் சொல்வார்கள், கையில் சான்று இருந்தால் பேசலாம் என்றார். அதுவும் நியாயம்தான். சனிக்கிழமை வேறு காவலரை அனுப்பி, பாறை வழியில் எதிரெதிர் மரங்களில் இரண்டு கேமரா கட்டவைத்தார். நடுவில் எது போனாலும் இரண்டு பக்கமும் ஒரே நொடியில் விழும். புதன்கிழமை காலை கார்டு வந்தது. முந்நூறு இலை, ஒரு கீரி, இரண்டு மான். அதன் பிறகு அவள் வந்தாள். செவ்வாய் காலை ஆறு மணி பத்து நிமிடம், நாலாவது நொடி. ஒரு படத்தில் மூக்குத்தி. மற்றதில் கம்மல்காரி. இரண்டிலும் அதே தூக்கிய முன்னங்கால்.

படக்காரம்மா அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் படங்களைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

தம்பி வாசலறையில் தரையில் உட்கார்ந்து, சின்ன மகளின் பள்ளிக்கூடப் பைக்கு வார் தைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவிதான் முதலில் ஓடிவந்தாள். படங்களைப் பார்த்துப் புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நாலு மாசமா தெருவுல தலை நிமிர முடியலக்கா. இருங்க, பக்கத்து வீட்டுல சொல்லிட்டு வந்துடறேன். அந்தம்மாதான் எங்க காது படவே பேசினாங்க."

செருப்புகூடப் போடாமல் போனாள்.

தம்பி ஊசியைக் கையிலேயே வைத்திருந்தான். இரண்டு படத்தையும் மாறிமாறிப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடா முழிக்கிற? கம்மல்காரி உயிரோட இருக்கா. நேத்து காலையில பாறை வழியில நடந்து போயிருக்கா. அவளுக்கு ஒண்ணும் ஆகல."

"கம்மல்காரி சாகலையா?"

"சாகலடா. ரெண்டும் ஒண்ணுதான். எத்தனை தடவை சொல்றது?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அப்ப நான் புதைச்சது யாரைக்கா?"

அவளுக்கு முதலில் அது காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. வேடிக்கை பேசுகிறான் என்றே நினைத்தாள். அவன் சொல்லிக்கொண்டே போனான், குனிந்தபடி, பையின் வாரைப் பார்த்தபடி.

"மழைக்கா. காலெல்லாம் அட்டைக் கடி. மூணு நாள் ரோந்தே போகல. காவல் குடிசையில உட்கார்ந்துகிட்டு, போனதா எழுதிட்டேன். எல்லாரும் எழுதறதுதான். நாலாவது நாள் போனேன். பாறை ஓரத்துல சுருக்குல மாட்டிக் கிடந்துச்சு. கம்பி இடுப்புல இறங்கியிருந்துச்சு. சுத்தியும் மண்ணைப் பூரா பிறாண்டி வச்சிருந்துச்சு. ரெண்டு நாளாவது உயிரோட கிடந்திருக்கும். மறுநாளே போயிருந்தா அவுத்து விட்டிருப்பேன்."

"யானை தள்ளிச்சுன்னியே?"

"யானையும் இல்ல ஒண்ணும் இல்ல. கேமரா அந்தப் பாறையையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. அது கிடந்து துடிச்சது, நான் குழி தோண்டினது, எல்லாம் அதுல இருக்கும். கார்டை உடைச்சுப் போட்டுட்டு, கேமராவைக் கழட்டி எதிர் மரத்துல கட்டிட்டேன். ஈரத்துல கார்டு கெட்டுப்போச்சுன்னு சொன்னேன். நீயும் அப்படியே எழுதிக்கிட்டே."

எழுதியிருந்தாள். அதுவும் அவள் கையெழுத்துத்தான்.

"புள்ளியைப் பார்க்கலையாடா?"

"பார்க்கிற நிலைமையா எனக்கு? பாறை வழியில திரியறது கம்மல்காரிதானே, அதுதான்னு நினைச்சேன். அதுக்கப்புறம் கம்மல்காரியைக் காணோம்னு நீயே சொன்னே. நீ சொன்னா தப்பாவா இருக்கும்?"

படக்காரம்மாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. எது முதலில், எது பிறகு என்றே பிடிபடவில்லை. இவன் கேமராவைத் திருப்பியதால்தான் கம்மல்காரி காணாமல் போனாள். கம்மல்காரி காணாமல் போனதால்தான் செத்தது அவள் என்று இவன் நம்பினான். செத்தது அவள் இல்லை. அப்படியானால் ஒருதடவைகூட எந்தக் கேமராவிலும் விழாத ஒன்று அந்தக் காட்டுக்குள் நடமாடியிருக்கிறது. பெயர் கிடையாது, படம் கிடையாது. வெளியிலிருந்து புதிதாக வந்ததோ, பாறைக்குப் பின்னாலேயே பிறந்து வளர்ந்ததோ. அதன் கதை தெரிந்தவன் உலகத்திலேயே இவன் ஒருத்தன். இவனுக்கும் அது யார் என்று தெரியாது.

அவன்மேல் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. இரண்டு நாள், இரண்டு நாள் என்று அதுவே மண்டைக்குள் ஓடியது. அதே நேரம், இத்தனை மாதமும் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு எப்படிச் சோறு தின்றான் என்று பாவமாகவும் இருந்தது.

"நாளைக்கு என்னக்கா சொல்லப் போற?"

"நீ வாயை மூடிக்கிட்டு இரு. ரெண்டும் ஒண்ணுங்கறது பொய்யில்ல. அதை மட்டும் சொல்றேன். கேக்காததுக்கு எதுக்குப் பதில் சொல்லணும்?"

அதற்குள் தம்பி மனைவி சிரித்த முகத்தோடு திரும்பி வந்துவிட்டாள். பக்கத்து வீட்டம்மா மன்னிப்பே கேட்டார்களாம்.

மறுநாள் விசாரணை அதிகாரியின் அறையில் நடந்தது. தலைமையகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவருக்கும் அதிகாரிக்கும் நடுவில் மேசைமேல் பதிவேடு. தம்பி சுவரோரம் ஒரு நாற்காலியில், இஸ்திரி போட்ட சீருடையில் உட்கார்ந்திருந்தான். அதைப் போட்டுக்கொண்டு வரும்படி சொன்னது அக்காதான். படக்காரம்மா படங்களை வரிசையாக வைத்து விளக்கினாள். தலைமையகத்துக்காரர் இரண்டு முறை குழம்பி, மூன்றாவது முறை புரிந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"நல்லா இருக்கு கூத்து! இல்லாத மிருகத்தைக் காணோம்னு ஒரு மனுஷனை நாலு மாசம் வீட்டுல உட்கார வச்சிருக்கோம். ஏன்யா, நீயாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

தம்பி தரையைப் பார்த்தான்.

"பாவம், பயந்துட்டான். திங்கள்கிழமையிலேருந்து வேலைக்கு வந்துடு" என்றார் அதிகாரி. பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார். "போன வருஷக் கணக்கை மட்டும் திருத்திடுங்கம்மா. ஏழுங்கறதை அடிச்சுட்டு ஆறுன்னு போட்டு, பக்கத்துல ஒரு கையெழுத்து. இறப்பு இல்லைன்னு கீழ எழுதிடுங்க. விஷயம் முடிஞ்சது."

அவள் சிவப்புப் பேனாவைத் திறந்தாள். தன் கையால் எழுதிய ஏழு. அதன்மேல் கோடு போடப் போனவள் நின்றாள்.

இரண்டை ஒன்றாக்கினால் ஆறு. ஆனால் பாறை ஓரத்தில் கிடந்தது? அதையும் சேர்த்தால் ஏழு. போன வருடம் காட்டில் இருந்தது ஏழேதான். அவள் எழுதியது தப்பு, ஆனால் தொகை சரி. என்ன கணக்கு இது? தலையைக் குலுக்கிக்கொண்டு மறுபடி எண்ணினாள். ஏழுதான் வந்தது. இப்போது கோடு போட்டால், கம்பியில் இரண்டு நாள் கிடந்தது செத்ததாகக்கூட ஆகாது, அப்படி ஒன்று இருக்கவே இல்லை என்று ஆகிவிடும். அது செத்தது தம்பியால். இல்லாமலே போகப்போவது இவளால்.

ஒரு கோடுதான். போட்டுத் தொலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தப் பிள்ளைகளை நினைத்துப் போடு. கை அசையவில்லை. பதினெட்டு வருடம் அந்தக் கை பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறது. தப்பாகப் பார்த்திருக்கலாம், பார்க்காததுபோல எழுதியதில்லை.

"என்னம்மா யோசனை?"

"போன வருஷம் ஏழுதான் சார்."

"இப்பதானே ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னீங்க?"

"ஆமா சார். ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப ஆறு."

"இல்ல சார். ஏழு."

தலைமையகத்துக்காரர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி படங்களைப் பார்த்தார், விரல்விட்டு எண்ணினார், மறுபடி அவளைப் பார்த்தார். "வெயில்ல வந்தீங்களா? தண்ணி குடிங்கம்மா" என்றார்.

அவள் தண்ணீர் குடிக்கவில்லை. தம்பியின் பக்கம் திரும்பவும் இல்லை. அவன் பேசாமல் இருக்கவேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் பேசிவிடவேண்டும் என்றும் அதே நெஞ்சுதான் அடித்துக்கொண்டது. பேசாமல் இருந்துவிட்டால் இனி அவன் வீட்டுப் படி ஏற முடியாது என்று தோன்றியது. பேசிவிட்டால் அந்த வீட்டுக்குள் தன்னை யார் விடுவார்கள் என்றும் தோன்றியது. வாழ்க்கையில் அவள் இவ்வளவு குழம்பியதில்லை. கண்ணீர் பதிவேட்டில் சொட்டாமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுவரோரம் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது.

"அக்காவைக் கேக்காதீங்க சார், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான் தம்பி. "ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க. மண்வெட்டி ஒண்ணு போட்டுக்கச் சொல்லுங்க. ஏழாவது எங்க இருக்குன்னு நான் காட்டுறேன்."